இருபது நிமிஷ டியூப்!

பி.காம். படித்தவனுக்குப் பாம்புக்கடியில் என்ன வேலை என்கிறீர்களா? இதிலும் கணக்கு இருக்கிறதே, சார்!

பாம்பு கடித்தவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தால் டாக்டர் என்ன செய்யணும் என்று மத்திய அரசின் சிகிச்சை வழிகாட்டி சொல்கிறது. 2 மி.லி. ரத்தத்தை உலர்ந்த, சுத்தமான கண்ணாடி டியூபில் விட்டு, 20 நிமிஷம் அசைக்காமல் வைத்து, சாய்த்துப் பார்க்கணும். உறையாமல் ஓடினால் உடனே விஷமுறிவு மருந்து. லேப் வேண்டாம், கரண்ட் வேண்டாம்! (டியூபை சோப்புத்தூள் போட்டுக் கழுவித் தொலைத்தால் மட்டும் சோதனை பொய் சொல்லும்.) கண்ணிமை தொங்க ஆரம்பித்துவிட்டால் டியூபுக்கும் காத்திருக்கக் கூடாது.

குழந்தைக்குப் பாதி டோஸா? கிடையாது. குழந்தையாச்சே என்று பாம்பு விஷத்தைக் குறைத்தா கொடுக்கிறது?

பல இடங்களில் நடப்பது வேறு. மருந்து ஃப்ரிட்ஜில் இருக்கும். டாக்டரின் கை பேனாவைத் தேடும். "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுங்க!" மருந்தே ஒத்துக்கொள்ளாமல் ஆள் போய்விட்டால் ஊரே திரண்டு வருமே என்ற பயம். நியாயமான பயம்தான். அதற்காகத்தான் அட்ரினலின் ஊசியைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளச் சொல்கிறது அதே வழிகாட்டி. மருந்து ஏற்றாமல் ஆம்புலன்ஸில் போகும் ஒவ்வொரு நிமிஷமும், கண்ணாடி விரியன் கடி என்றால், சிறுநீரகத்தின் பற்றுக் கணக்கில்தான் ஏறும்.

சீட்டை வாங்குமுன் பவ்யமாகக் கேட்டு வையுங்கள்: "டியூபில் பார்த்தாச்சா, டாக்டர்? முதல் டோஸ் போட்டாச்சா?"