தலைமடையை அடைத்தவன்

ஊற்று என் நிலத்தில் பிறக்கிறது, அதனால் தண்ணீர் என்னுடையது. ஒஸ்மான் என்ற புகையிலை விவசாயியின் கணக்கு இவ்வளவுதான். கோடை வந்ததும் மடையை அடைக்கிறான். கீழே வயல்கள் வெடிக்கின்றன. கடைமடைக்காரர்கள் கெஞ்சிப் பார்க்கிறார்கள், வழக்காடுகிறார்கள், கடைசியில் இருட்டோடு இருட்டாக அடைப்பை உடைக்க வருகிறார்கள். துப்பாக்கி வெடித்து ஒருவன் சாகிறான். சுட்டவன் ஒஸ்மான், சிறைக்குப் போவதோ தம்பி ஹசன். சின்ன வயசுக்காரனுக்குத் தண்டனை குறையும் என்று தம்பியைப் பேசிக் கரைத்துவிடுகிறான் அண்ணன். தம்பி போன பிறகு அவன் மனைவி பஹார் மீதும் கண் வைக்கிறான்.

மெத்தின் எர்க்சான் இயக்கிய இந்தத் துருக்கியப் படத்தின் பெயர் ‘சுசுஸ் யாஸ்’. தண்ணீரில்லாத கோடை என்று பொருள். நெஜாத்தி ஜுமாலியின் கதையை வைத்து, இஸ்மிர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எடுத்தார்கள். 1964-ல் பெர்லின் விழாவின் தங்கக் கரடி விருது இதற்குக் கிடைத்தது. துருக்கிய கிராமத்தை உலகம் திரையில் கவனித்தது அப்போதுதான். ஆனால் சொந்த நாட்டுத் தணிக்கையாளர்களுக்கு அது பிடிக்கவில்லை. நம் ஊரை இப்படியா வெளிநாட்டுக்காரனுக்குக் காட்டுவது என்பது அவர்கள் கவலை.

அறுபது ஆண்டுப் பழைய படம், முடிவைச் சொன்னால் குற்றமில்லை. விடுதலையாகி வரும் ஹசன், அண்ணனை அதே தண்ணீரில் அமுக்கிக் கொல்கிறான். திறந்த மடை வழியே பாய்ந்து போகும் நீரில், யாருக்கும் விடமாட்டேன் என்றவனின் பிணமும் மிதந்து போகிறது. ஒஸ்மானாக நடித்த எரோல் தாஷின் பார்வையை மறப்பது கடினம்.

அன்று இஸ்தான்புல்லின் யெஷில்சாம் தெருவை மையமாகக் கொண்ட படத் தொழில், காதலையும் கண்ணீரையும் மூட்டை மூட்டையாக விற்றுக்கொண்டிருந்தது. 1972-ல் மட்டும் ஏறக்குறைய 300 படங்கள்! அதற்கு நடுவே நிலம், நீர், கூலி பற்றிப் பேச ஓரளவு இடம் கொடுத்தது, ராணுவப் புரட்சிக்குப் பிறகு வந்த 1961 அரசியல் சட்டம்.

அந்த இடத்தில் எல்லாரையும்விட ஆழமாகக் கால் ஊன்றியவர் யில்மாஸ் குனே. அதனா அருகே குர்துப் பெற்றோருக்குப் பிறந்தவர், அடிதடி நாயகனாகப் பெயர் வாங்கியவர். 1970-ல் அவரே இயக்கி நடித்த ‘உமுத்’ படத்தில் குதிரைவண்டிக்காரன் ஜப்பாராக வருகிறார். குதிரையைக் கார் மோதிக் கொல்கிறது. காருக்குச் சொந்தக்காரனை யாரும் கேட்கவில்லை. லாட்டரிச் சீட்டு கைவிட்ட பிறகு, புதையல் இருக்கிறது என்ற பேச்சை நம்பித் தோண்டப் போகிறான் ஜப்பார். படத்தின் பெயருக்குப் பொருள் ‘நம்பிக்கை’. அரசு அதைத் தடை செய்தது.

1974-ல் ஒரு நீதிபதியைச் சுட்டுக் கொன்ற வழக்கில் குனே சிறை சென்றார். அவரைத் தியாகி ஆக்கிவிடத் துடிப்பவர்கள் இதை வேகமாகக் கடந்துவிடுவதுண்டு. ஆனால் அவருடைய ஆகச் சிறந்த வேலை சிறைக்குள்தான் நடந்தது என்பதும் உண்மை. உள்ளிருந்து அவர் எழுதினார், வெளியே நண்பர்கள் படமெடுத்தார்கள். செக்கி ஒக்தென் இயக்கிய ‘சுரூ’வில், ஒரு மேய்ச்சல் குடும்பம் ஆட்டு மந்தையை ரயிலேற்றி அங்காராவுக்குக் கொண்டு போகிறது. வழிநெடுக லஞ்சம், வண்டிக்குள் ஆடுகள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. நகரம் நெருங்க நெருங்கக் குடும்பமும் சிதறுகிறது. ‘யோல்’ படத்தில் ஐந்து கைதிகள் விடுப்பில் ஊருக்குப் போகிறார்கள். ஊரும் ஒரு சிறையாகத்தான் இருக்கிறது. ஷெரீப் கோரென் படம்பிடித்தார். 1981-ல் தப்பித்த குனே, ஐரோப்பாவில் அதைத் தொகுத்து முடித்தார். மறு ஆண்டு கான் விழாவின் தங்கப் பனை விருது அதற்குக் கிடைத்தது. சொந்த நாட்டில் அது திரைக்கு வந்தது 1999-ல். அவர் 1984-லேயே பாரீஸில் இறந்துவிட்டிருந்தார்.

பிறகு வந்த நூரி பில்கே ஜெய்லான் அனத்தோலியாவின் பனியிலும் மௌனத்திலும் வேறு மாதிரி படங்கள் எடுத்தார். பண்ணையார்களைவிட, படித்தவர்களின் ஆணவம்தான் அவருக்குப் பொருள்.

தண்ணீரோ விட்டபாடில்லை. எமின் ஆல்பெரின் ‘குராக் குன்லெர்’ (2022) என்றால் வறண்ட நாட்கள். நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி மண் உள்வாங்கி, பெரும் பள்ளங்கள் விழும் ஒரு சிற்றூர். கொன்யா சமவெளியில் இத்தகைய பள்ளங்கள் நிஜமாகவே நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஊர்த் தலைவர் தண்ணீர் தருகிறேன் என்று ஓட்டுக் கேட்கிறார். கேள்வி கேட்கும் இளம் அரசு வழக்கறிஞரை ஊரே வேட்டையாடக் கிளம்புகிறது.

இம்முறை படத்துக்குத் தடை வரவில்லை. திரைக்கதையை மாற்றிவிட்டார்கள் என்று சொல்லி, தான் கொடுத்த உதவித்தொகையை வட்டியோடு திருப்பிக் கேட்டது கலாச்சார அமைச்சகம்.