ஊர்ப்பெயர்வழி அமையும் மக்கட்பெயர்கள்: சங்கரன்கோவில் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஊரிலும் நகரிலும் வாழும் மக்களைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள் வாழிடத்தை மட்டும் சுட்டுவதில்லை. அவ்விடத்தில் ஒருவர்க்குள்ள உரிமையையும் பிறப்புறவையும் உடன் சுட்டுகின்றன. இலக்கணம், கல்வெட்டு, சங்கரன்கோவில் வட்டார வழக்கு ஆகியவற்றின் துணைகொண்டு இக்கட்டுரை இதனை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நிலப்பெயர், ஊரார், நகரத்தார், சேரி, காரர், வாசி

முன்னுரை

தொல்காப்பியப் பெயரியல், உயர்திணைப் பெயர்களுள் நிலப்பெயர், குடிப்பெயர், குழுவின் பெயர் ஆகியவற்றைத் தனித்தனியே எண்ணுகிறது. நிலப்பெயருக்கு அருவாளன், சோழியன் ஆகியவற்றை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவர். இலக்கணத்தில் மூவகையாகப் பிரிந்து நிற்கும் இப்பெயர்கள், வழக்கில் ஒன்று மற்றொன்றாக மாறுவதைக் காணமுடிகிறது.

வட்டார வழக்கில் வடிவமைப்பு

சங்கரன்கோவிலைச் சூழ்ந்த ஊர்களை நோக்கின், ஊர்ப்பெயரின் ஈறே மக்கட்பெயரின் வடிவத்தைத் தீர்மானிப்பது புலனாகும். வாசுதேவநல்லூர், கரிவலம்வந்தநல்லூர் ஆகியன 'ஆர்' விகுதியை நேரே ஏற்று 'நல்லூரார்' என முடியும். குருவிகுளம், திருவேங்கடம் ஆகிய மகர ஈற்றுப் பெயர்கள் அத்துச் சாரியை பெற்றுக் குருவிகுளத்தார், திருவேங்கடத்தார் என்றாகும். புளியங்குடி, உடம்படுமெய் பெற்றுப் புளியங்குடியார் என்றாகும்.

'சங்கரன்கோவிலார்' என்பதும் இலக்கணத்திற்கு மாறானதன்று. எனினும் ஊர்மக்களைக் குறிக்கும் சொல்லாக அது இயல்பாக அமைவதில்லை. சங்கரநாராயணர் கோவிலின் நிருவாகத்தினரையோ உரிமையுடையோரையோ அது குறிப்பதாகவே கேட்போர் கொள்வர். கோவிலின் பெயரே ஊரின் பெயரானதால் விளைந்த பொருள்மயக்கம் இது. நாகர்கோவில், காட்டுமன்னார்கோவில் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். ஆதலின் இவ்விடங்களில் 'காரர்' என்பதே வழங்குகிறது. புணர்ச்சி விதிப்படி 'சங்கரன்கோவிற்காரர்' என வருதல் வேண்டும். பேச்சு வழக்கோ லகரத்தைத் திரிக்காமல் 'சங்கரன்கோவில்காரர்' என ஊர்ப்பெயரை முழுமையாகக் காக்கிறது. 'ஆர்' விகுதி உரிமையுடையோரை நினைவூட்டுவதற்கான காரணத்தைக் கல்வெட்டுகளில் காணலாம்.

கல்வெட்டுகளில் ஊராரும் நகரத்தாரும்

மாங்குளம் தமிழிக் கல்வெட்டு, வெள்ளறை என்னும் ஊரின் வணிகக் குழுவினரை 'நிகமதோர்' என்று சுட்டுகிறது. இங்கு ஊரோடு இணைந்து நிற்பது குழுவின் பெயராகும். சோழர் காலக் கல்வெட்டுகளில் ஊரார் என்போர் ஊரில் வாழ்ந்த அனைவரும் அல்லர்; வேளாண் ஊர்களில் நிலவுரிமை பெற்றிருந்தோரின் அவையினர் ஆவர். பிரமதேயங்களில் சபையாரும், வணிக நகரங்களில் நகரத்தாரும், பல ஊர்கள் அடங்கிய நாட்டிற்கு நாட்டாரும் அவ்வாறே அமைந்தனர். நில விற்பனை, வரிப்பொறுப்பு, அறக்கட்டளைக் காப்பு ஆகியவற்றில் இவர்களே கையொப்பமிடும் தகுதி உடையோராயினர்.

பிற்காலத்தில் 'நகரத்தார்' ஒரு வணிகச் சமூகத்தின் பெயராயிற்று. குழுவின் பெயர் குடிப்பெயராக மாறியது. 'நாட்டார்' என்பதோ, நாட்டார் வழக்காற்றியல் என்னும் துறைப்பெயரில் எழுத்து மரபுக்குப் புறம்பான பொதுமக்களைக் குறிக்கிறது. அதிகாரமுடைய அவையினரைச் சுட்டிய சொல், அதிகாரமற்றோரைச் சுட்டும் சொல்லாயிற்று.

ஊருக்குள் எண்ணப்படாதோர்

தஞ்சைப் பெரிய கோவிலில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டுகள், வரி நீக்கப்பட்ட நிலங்களைக் கூறுமிடத்து ஊர்நத்தத்தையும் பறைச்சேரியையும் வெவ்வேறாகக் குறிக்கின்றன. குடியிருப்பு ஒன்றேயாயினும் பெயர் இரண்டாகிறது. 'சேரி' என்னும் சொல் தொடக்கத்தில் இழிவுப்பொருள் உடையதன்று. சங்கப் புலவர் உறையூர் ஏணிச்சேரி முடமோசியாரின் பெயரும், பிராமணக் குடியிருப்புகளின் பகுதிகள் சேரி எனப்பட்டமையும் அதற்குச் சான்றுகளாகும். பின்னர் அச்சொல் ஒடுக்கப்பட்டோர் வாழிடத்திற்கே உரியதாகச் சுருங்கியது. இருபதாம் நூற்றாண்டில் 'காலனி' என்னும் சொல்லும் அப்பொருளை ஏற்றது. 'காலனி' என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரல் 29 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவையில் முதலமைச்சர் அறிவித்தார். வாழிடப்பெயர் மனிதரின் மதிப்பையும் உடன் சுமக்கிறது என்பதற்கு இவ்வறிவிப்பு அண்மைச் சான்றாகும்.

காரரும் வாசியும்

'காரர்' என்பது வீட்டுக்காரர், தோட்டக்காரர் என உடைமையையும் தொழிலையும் குறித்து, ஊர்ப்பெயரோடும் சேர்கிறது. அவ்வாறு சேரும்போது நிலவுரிமையையோ அவையுரிமையையோ வேண்டாமல், ஊரோடுள்ள உறவை மட்டும் அது உணர்த்துகிறது. அவ்வுறவு இடம்பெயர்ந்தாலும் நீங்குவதில்லை. சென்னையில் நெடுங்காலம் வாழ்பவர் சென்னைவாசி ஆகிறார். ஆயினும் அவர் சங்கரன்கோவில்காரராகவே அறியப்படுவார். 2019 நவம்பரில் தென்காசி மாவட்டம் உருவானபின் ஆவணங்களில் அவர் தென்காசி மாவட்டத்தவர் ஆவார். தம்மைத் 'திருநெல்வேலிக்காரர்' என்று கூறிக்கொள்வதற்கும் அது தடையன்று.

இவ்வடிவத்திற்கும் ஒரு குறை உண்டு. 'காரர்' என்பதற்கு இணையான மரியாதை ஒருமை, பெண்பாலுக்குத் தனியே அமையவில்லை. 'காரி' என்பது மரியாதைக் குறைவாகிறது. ஆதலின் எழுத்து வழக்கு 'சங்கரன்கோவிலைச் சேர்ந்தவர்' என்னும் பொதுத்தொடரை நாடுகிறது. நகர், சிற்றூர் வேறுபாட்டிலும் இத்தகைய மதிப்பீடு உண்டு: 'பட்டணத்தார்' உயர்வையும், 'பட்டிக்காட்டான்' இகழ்ச்சியையும் ஏற்கின்றன.

முடிவுரை

'ஆர்' உரிமையையும், 'காரர்' பிறப்புறவையும், 'வாசி' குடியிருப்பையும் முதன்மையாகக் குறிக்கின்றன. அகராதிகள் இம்மூன்றையும் 'ஓர் ஊரில் வாழ்பவர்' என ஒரே பொருளில் அடக்குவது போதாது. கல்வெட்டில் வரும் 'ஊரார்' என்பதை இன்றைய 'ஊர்மக்கள்' எனப் பொருள்கொள்ளின், அவ்வூரில் வாழ்ந்தும் அவையில் இடம்பெறாதோர் வரலாற்றிலிருந்து இரண்டாம் முறையும் விலக்கப்படுவர்.