தபாலில் வரும் தாய்மாவு

அமெரிக்காவில் ஒரு சிறு தன்னார்வக் குழு விசித்திரமான வேலை ஒன்றைச் செய்துவருகிறது. சொந்த முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய உறையை அனுப்பினால், அதற்குள் கொஞ்சம் காய்ந்த மாவைப் போட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். காசு வாங்குவதில்லை. அதைத் தண்ணீரில் கரைத்து, புது மாவு சேர்த்துச் சில நாள் கவனித்தால் நுரைத்துப் பொங்கும். அப்புறம் கடை ஈஸ்ட் இல்லாமலே ரொட்டி சுடலாம். நம் வீடுகளில் உறைமோர் கைமாறுவது போலத்தான். இங்கே கைமாறுவது தாய்மாவு.

இந்த மாவு கார்ல் கிரிஃபித் என்பவரின் குடும்பச் சொத்து. 1847இல் அவருடைய முன்னோர் மிசௌரியிலிருந்து ஆரிகன் தடம் என்ற வண்டிப்பாதை வழியாக மேற்கே குடிபெயர்ந்தபோது கூடவே வந்தது என்பது குடும்பத்தார் சொல்லும் கதை. ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் வண்டிப் பயணம். அழுத்திக் கட்டியாக்கிய ஈஸ்ட்டை ஃபிளைஷ்மன் சகோதரர்கள் அந்நாட்டில் விற்கத் தொடங்கியது 1868இல்தான். அதற்கு முன் வழியில் ரொட்டி உப்ப வேண்டுமானால் பெரும்பாலும் சோடா உப்பு அல்லது புளித்த மாவுதான் கதி. கார்ல் சிறுவனாக ஆரிகனின் ஸ்டீன்ஸ் மலைப்பக்கத்தில் இந்த மாவில் ரொட்டி சுடக் கற்றார். கனத்த இரும்புச் சட்டியில் மாவை வைத்து மூடி, காலையில் நெருப்புக் குழியில் புதைத்துவிட்டுப் போவார்கள். மாலையில் தோண்டினால் ரொட்டி. முதுமையில் கேட்டவர்க்கெல்லாம் மாவைத் தபாலில் அனுப்பினார். 2000இல் அவர் இறந்தபின் நண்பர்கள் அந்த வேலையை விடாமல் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த மாவுக்குள் என்னதான் இருக்கிறது? ஈஸ்ட்டும், லாக்டிக் அமில பாக்டீரியாக்களும். ஓர் ஈஸ்ட்டுக்கு நூறு பாக்டீரியா என்பது பொதுவாகக் காணும் கணக்கு. சான்பிரான்சிஸ்கோ நகரத்தின் புளித்த மாவு ரொட்டியை கிளைன், சுகிஹாரா என்ற இருவர் ஆராய்ந்து 1971இல் எழுதியபோது இந்தக் கூட்டுக்குடித்தனத்தின் நுட்பம் வெளிப்பட்டது. மாவிலுள்ள நொதிகள் ஸ்டார்ச்சை மால்டோஸ் சர்க்கரையாக உடைக்கின்றன. பாக்டீரியாவுக்கு அந்த மால்டோஸ்தான் தீனி. கூடவே வாழும் ஈஸ்ட்டோ மால்டோஸைத் தொடுவதே இல்லை. குளுக்கோஸ் போன்ற மற்ற சர்க்கரைகளைத் தின்கிறது. ஒரே சட்டியில் இருந்தாலும் சாப்பாட்டுச் சண்டை கிடையாது. பாக்டீரியா கக்கும் அமிலம் வேண்டாத கிருமிகளை விரட்டும். இந்த ஈஸ்ட்டுக்கு அது பழகிப்போன புளிப்பு. ரொட்டியை உப்பவைக்கும் வாயுவில் பெரும்பங்கு ஈஸ்ட்டின் வேலை, புளிப்பு பாக்டீரியாவின் வேலை. அந்த பாக்டீரியாவுக்கு சான்பிரான்சிஸ்கோவின் பெயரையே வைத்துவிட்டார்கள். பிறகு பார்த்தால் ஐரோப்பிய மாவுகளிலும் அதே ஆசாமி குடியிருக்கிறார்!

ஊருக்கு ஊர் மாவு வேறு என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. ஆனால் நான்கு கண்டங்களிலிருந்து 500 தாய்மாவுகளைச் சேகரித்து ஆராய்ந்த ஓர் அறிவியல் குழு 2021இல் முடிவை வெளியிட்டது. நுண்ணுயிர்களின் சேர்க்கை வேறுபடுவதற்கு எந்த ஊர் என்பது பெரிய காரணமாக இல்லை. மாவின் வயதும் மிகச் சிறிய பங்கே வகித்தது. ஆகவே 1847இன் நுண்ணுயிர்கள்தான் இன்றும் அந்த உறைக்குள் வருகின்றன என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஒவ்வொரு முறை புது மாவு சேர்க்கும்போதும் அதிலுள்ள புது நுண்ணுயிர்களும் உள்ளே வரத்தானே செய்யும்?

அப்படியானால் பிறர் கொடுத்த மாவால் என்ன லாபம்? மாவும் தண்ணீரும் கலந்து புதிதாகத் தொடங்குபவர்களைக் கேட்டால் தெரியும். இரண்டாம் நாளே சட்டி பொங்கும். ஆனால் அது ஈஸ்ட் அல்ல, தொடக்கத்தில் பெருகும் வேறு பாக்டீரியாக்களின் ஆட்டம். வாடையும் சகிக்காது. புளிப்பு ஏறியதும் அவை அடங்கிவிட, சட்டி செத்ததுபோல் கிடக்கும். பலர் அதைச் சாக்கடையில் கொட்டுவது அப்போதுதான். பொறுத்து, தினமும் பாதியை எடுத்துவிட்டுப் புது மாவும் தண்ணீரும் சேர்த்துவந்தால், ஒன்று இரண்டு வாரத்தில் சரியான கூட்டம் நிலைபெறும். பழகிய மாவை வாங்கியவருக்கு இந்தப் பாடு மிச்சம்.

கொடுப்பவருக்கும் நட்டமில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு பங்கை எடுத்துவிட்டுத்தான் புது மாவு சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் மாவு சட்டி கொள்ளாமல் வளரும். மிஞ்சியதைத் தாளில் மெல்லிசாகத் தடவி நிழலில் காயவைத்து நொறுக்கினால் பல மாதம் தாங்கும். நம் ஊர் வெயிலில் மாவு சீக்கிரமே புளித்துவிடும். வாரம் ஒருமுறை சுடுபவர்கள் பிரிட்ஜில் வைப்பது நல்லது.

நூறாண்டுப் பழைய மாவு என்று யாராவது விலை சொன்னால் வாங்காதீர்கள். ரொட்டி சுடும் நண்பரிடம் ஒரு கரண்டி கேளுங்கள், போதும்.