பாட்டால் போட்ட வேலி!

தோட்டத்தைக் காக்க நாம் முள்வேலி போடுவோம், மதில் கட்டுவோம். கல்லும் கம்பியும் இல்லாமல், வெறும் பாட்டாலேயே வேலி போடுபவர் யார் தெரியுமா? குண்டுக்கரிச்சான்! வண்ணாத்திக்குருவி என்றும் இதைச் சொல்வார்கள்.

சென்னை - அரக்கோணம் ரயில் பாதையில், திருவாலங்காட்டுக்கு முந்தைய நிலையம் மணவூர். திருத்தணிப் பக்கத்து ஊர். அங்கே இருந்தாலும் சரி, உங்கள் ஊரிலே இருந்தாலும் சரி, கோடைக்காலத்தில் விடிவதற்கு முன்பே எழுந்து பாருங்கள். மர உச்சியிலோ, விளக்குக் கம்பத்திலோ ஒரு பறவை இனிமையாகப் பாடும். உடல் கறுப்பு, வயிறு வெள்ளை, இறக்கையில் வெள்ளைப் பட்டை. அதுதான் ஆண் குண்டுக்கரிச்சான். பெண் பறவை கறுப்புக்குப் பதில் சாம்பல் நிறமாக இருக்கும்.

அது எதற்காகப் பாடுகிறது? பெண் பறவையை அழைக்க. கூடவே, 'இது என் இடம், உள்ளே வராதே!' என்று மற்ற ஆண்களுக்குச் சொல்லவும்தான். கூடு கட்டப் பொந்து வேண்டும், குஞ்சுகளுக்குப் பூச்சிகள் வேண்டும். இவற்றுக்காகத் தினமும் சண்டை போட்டால் காயம்தான் மிஞ்சும். பாடினால் சண்டை குறையும்!

பாட்டு நிஜமாகவே வேலியாகுமா? 1970-களில் இங்கிலாந்தில் ஜான் கிரெப்ஸ் என்ற விஞ்ஞானி இதைச் சோதித்தார். ஒரு காட்டிலிருந்து ஆண் பட்டாணிக்குருவிகளைப் பிடித்து அகற்றினார். சில இடங்களில் ஒலிபெருக்கி வைத்து அவற்றின் பாட்டை ஒலிக்கவிட்டார். சில இடங்களில் வெறும் விசில் சத்தம். மீதி இடங்களில் ஒன்றுமே இல்லை. என்ன ஆயிற்று? விசில் ஒலித்த இடங்களையும் அமைதியான இடங்களையும் புதுக் குருவிகள் சீக்கிரமே பிடித்துக்கொண்டன. பாட்டு ஒலித்த இடங்களுக்கு வர மட்டும் வெகுநேரம் தயங்கின!

பூந்தேன் குடிக்கும் ஹம்மிங் பறவைகளும் இப்படி இடத்தைக் காப்பவைதான். அவை அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்கின்றன. நம் ஊரில் தேன் குடிப்பது தேன்சிட்டு. இரண்டும் சொந்தம் இல்லை, ஆனால் குணம் ஒன்று! பைக் கண்ணாடியைத் தேன்சிட்டு கொத்துவதைப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே தெரியும் தன் உருவத்தை எதிரி என்று நினைத்துவிடுகிறது, பாவம். கண்ணாடியைத் துணியால் மூடிவிடுங்கள், அது நிம்மதியாக இரை தேடப் போகும்.

நீங்களும் ஆராய்ச்சி செய்யலாமே! தெருவின் படத்தை நோட்டில் வரையுங்கள். ஒரு வாரம், தினமும் காலையில் ஒரே இடத்தில் அரை மணி நேரம் நில்லுங்கள். பறவை உட்கார்ந்து பாடும் இடத்தில் எல்லாம் புள்ளி வையுங்கள். கடைசி நாளில் வெளிப்புள்ளிகளைக் கோட்டால் இணையுங்கள். கண்ணுக்குத் தெரியாத வேலி காகிதத்தில் தெரியும்!

ஒரு விஷயம். செல்போனில் பறவைப் பாட்டைப் போட்டு அதை வரவழைக்காதீர்கள். எதிரி வந்துவிட்டதாக எண்ணி, குஞ்சுக்கு இரை தேடுவதை விட்டுவிட்டு அது அலையும். கூட்டின் பக்கத்திலும் போகாதீர்கள். தள்ளி நின்று கேட்டால் போதும்.

உங்கள் தெருவில் எத்தனை பாட்டு வேலிகள்? எண்ணத் தயாரா?