வேலையோடு வீட்டுக்கு வரும் ஈயம்!

கல்மண்டபத்திலிருந்து திருவொற்றியூர் வரை என்னென்ன வேலைகள் நடக்கின்றன! பேட்டரி பிரிக்கிறார்கள், ரேடியேட்டருக்குப் பற்றவைக்கிறார்கள், வலைக்கு ஈயக்குண்டு வார்க்கிறார்கள், துருப்பிடித்த இரும்பில் பழைய பெயின்ட்டைச் சுரண்டுகிறார்கள். இவை எல்லாவற்றிலும் ஈய ஆபத்து உண்டு.

"ரசம் வைக்கிற சொம்பும் ஈயம்தானே டாக்டர்?" என்பீர்கள். அது வெள்ளீயம், வேறு உலோகம். (அதிலும் கலப்படம் உண்டு, ஜாக்கிரதை!) நான் சொல்வது காரீயம்.

உருக்கும் புகையிலும் சுரண்டும் தூசியிலும் மூச்சோடு உள்ளே போகும். கழுவாத கையால் பீடியோ பஜ்ஜியோ எடுத்தால் வயிற்றுக்கும் போகும். பிறகு எலும்பில் பல வருடம் குடியிருக்கும்.

வருகிறவர்கள், "வயித்தைப் பிடிச்சு முறுக்குது, மலம் இறங்கலை, ஒரே அசதி" என்பார்கள். வாய்வு என்று நினைத்து சூரணம் கேட்பார்கள். நான் முதலில் கேட்பது, "என்ன வேலை பார்க்கறீங்க?" சிலருக்கு ஈறில், பல்லை ஒட்டி நீலம் கலந்த கறுப்புக் கோடு தெரியும். கோடு இல்லாவிட்டால் ஈயம் இல்லை என்று ஆகாது. நாடி பார்த்தும் சொல்ல முடியாது. சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்! லேபில் ரத்தத்தில் ஈய அளவு பார்க்க வேண்டும். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தொட்டாலே, எங்கிருந்து வருகிறது என்று தேடித் தடுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது.

ரொம்ப அதிகமென்றால் பெரிய ஆஸ்பத்திரியில் ஈயத்தை வெளியேற்ற மருந்து உண்டு. கடையில் பஸ்பம், செந்தூரம் வாங்கிச் சாப்பிடாதீர்கள். சரியாகச் செய்யாத உலோக மருந்தாலேயே ஈய நச்சு வந்ததுண்டு. வெல்லமும் வாழைப்பழமும் தின்றால் போய்விடும் என்பதும் வீண் நம்பிக்கை. முருங்கைக்கீரை, கேழ்வரகு நல்லது. இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த உடம்புதான் ஈயத்தை அதிகம் இழுக்கும். ஆனால் அதே புகையில் நின்றுகொண்டு எதைச் சாப்பிட்டு என்ன?

1948 தொழிற்சாலைச் சட்டம், கட்டாயம் தெரிவிக்க வேண்டிய தொழில் நோய்களைப் பட்டியலிட்டபோது முதல் பெயரே ஈய நச்சுதான். நாலு பேர் பட்டறையை யார் வந்து பார்க்கிறார்கள்? அங்கே காவல் வீட்டம்மாதான். வேலை உடையைப் பட்டறையிலேயே மாற்றட்டும். குளித்த பிறகே குழந்தையைத் தூக்கட்டும். அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள். தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். உங்கள் பழைய இன்வெர்ட்டர் பேட்டரியைக் காயலான் கடையில் போடாமல், புதியது வாங்கும் கடையிலேயே கொடுங்கள்.

குழந்தைகள் பெரியவர்களைவிட 4, 5 மடங்கு ஈயத்தை உறிஞ்சுவார்கள், படிப்பு மந்தமாகும். கர்ப்பிணிக்கோ எலும்பில் கிடந்த ஈயம் ரத்தத்தில் இறங்கி சிசுவுக்குப் போகும். ஆகவே அவருக்கு ரத்தம் பார்க்கும்போது உங்களுக்கும் பிள்ளைக்கும் சேர்த்தே பாருங்கள்.