சுடர்ப் புகையும் கங்குப் புகையும்

மண்ணெண்ணெய் விளக்கின் திரியைக் கொஞ்சம் கூடுதலாகத் தூக்கிவிட்டால் போதும், சிம்னியின் உட்புறம் கருத்துவிடும். ஊதுபத்தியின் புகையோ நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் சுருண்டு மேலேறும். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் இந்த இரு புகைகளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

விளக்குச் சுடரின் உள்ளே, ஆக்சிஜன் போதாத இடத்தில், எண்ணெய் ஆவியின் மூலக்கூறுகள் சிதைகின்றன. சிதைந்த துண்டுகள் கார்பன் வளையங்களாகக் கூடுகின்றன; வளையங்கள் பெருகித் தாள்களாகின்றன; தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வளைந்து மூடிச் சிறு உருண்டைகளாகின்றன. ஓர் உருண்டையின் விட்டம் பெரும்பாலும் 20 முதல் 50 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிப்புக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை வரிசையாக வைக்கலாம். அவை மோதினால் விலகுவதில்லை, தொட்ட இடத்திலேயே ஒட்டிக்கொள்கின்றன. இப்படிக் கிளைகிளையாக நீண்டு, இடைவெளி மிகுந்த திராட்சைக் கொத்துபோல் ஆகிறது கரித்துகள். விளக்கின் மஞ்சள் ஒளியும் இந்த உருண்டைகள் சூடேறி ஒளிர்வதால் வருவதுதான். மைக்கேல் ஃபாரடே 1860-61இல் லண்டனில் சிறுவர்களுக்கு நிகழ்த்திய மெழுகுவர்த்திச் சொற்பொழிவுகளில் இதைச் செய்துகாட்டி விளக்கினார். எரிந்து தீராமல் தப்புபவையே கரியாக வெளியேறுகின்றன. கண்ணாடி இல்லாத எளிய திரி விளக்குகளில், எரியும் மண்ணெண்ணெயில் 7 முதல் 9 சதவீதம் கரித்துகளாகிவிடுவதை 2012இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. அந்த வெளிச்சத்தில் படிக்கும் பிள்ளைகள் சுவாசிப்பது இதைத்தான்.

ஊதுபத்தியைப்போல் சுடரில்லாமல் கனியும் கங்கில் கரி உருண்டைகள் உருவாகும் இந்த வேலை நடக்காது. அவ்வளவு வெப்பம் அங்கே இல்லை. விறகிலிருந்து கிளம்பும் தார் ஆவி, குளிர்ந்த காற்றைத் தொட்டதும் துளிகளாகத் திரள்கிறது. நீலச் சாயலுக்குக் காரணம், நுண்ணிய துளிகள் நீல ஒளியை அதிகமாகச் சிதறடிப்பது. காட்டுத்தீப் புகையில் இன்னொரு வகையும் உண்டு. ஹங்கேரிய விஞ்ஞானி மிஹாய் போஷ்ஃபாயின் குழு 2004இல் விவரித்த ‘தார் உருண்டைகள்’ அவை. தனித்தனியாக, ஏறக்குறைய முழுக் கோளமாக இருக்கும். உள்ளே ஒழுங்கான அடுக்குகள் கிடையாது.

வெளியேறிய பிறகும் கரிக்கொத்து அப்படியே இருப்பதில்லை. காற்றிலுள்ள சல்பேட்டும் கரிமச் சேர்மங்களும் அதன்மேல் படிய, ஈரமும் சேர, நீட்டிய கிளைகள் மடங்கி உள்ளுக்குள் ஒடுங்கும். மேற்பூச்சு ஏறிய கரி வெயிலை இன்னும் கூடுதலாக உறிஞ்சும்.

சுடர்ப் புகைக்கும் கங்குப் புகைக்கும் உள்ள வேறுபாடு உயிர்காக்கும் விஷயமும்கூட. அயனியாக்க வகைப் புகை உணரி, சுடர் கக்கும் நுண்துகள்களை விரைவில் பிடித்துவிடும். மெத்தையில் விழுந்த சிகரெட் கங்கு நெடுநேரம் புகையும்போது வரும் பெரிய துகள்களை முந்தி அறிவது, ஒளிச்சிதறலை அளக்கும் வகை. அதனால்தான் தீப்பாதுகாப்பு நிபுணர்கள் வீடுகளில் இரண்டையும் பொருத்தச் சொல்கிறார்கள்.