ஏடிஎம் கார்டு தொலைஞ்சா திருடனுக்கு எவ்வளவு சான்ஸ்? 4 இலக்க பின் நம்பரின் கணக்கு இதுதான்!

பஸ்ஸில் பர்ஸ் தொலைந்துவிட்டது. உள்ளே ஏடிஎம் கார்டு. எடுத்தவருக்கு பின் நம்பர் தெரியாது. ஆனாலும் பணம் போயிடுமோ என்று மனசு அடித்துக்கொள்ளும். அந்த பயம் எவ்வளவு நியாயம்? பிளஸ் 1 கணக்கில் வரும் அடுக்குகளும் சேர்வுகளும் இதற்கு பதில் சொல்கின்றன.

மொத்தம் எத்தனை பின்?

ஒவ்வொரு இடத்திலும் 0 முதல் 9 வரை 10 வாய்ப்புகள். இடங்கள் நான்கு. எனவே 10 × 10 × 10 × 10, அதாவது 10-ன் அடுக்கு 4. விடை 10,000. இதுவே 6 இலக்க ஓடிபி என்றால் 10 லட்சம். இரண்டே இலக்கம் கூடினால் பாதுகாப்பு 100 மடங்கு கூடுகிறது.

பொதுவாக 3 முறை தப்பாகப் போட்டால் கார்டு பிளாக் ஆகிவிடும். ஆக, குத்துமதிப்பாக அடிப்பவருக்கு வாய்ப்பு 10,000-ல் 3. அதாவது வெறும் 0.03 சதவீதம்.

அப்போ கவலையே வேண்டாமா?

ஒரு கார்டு என்றால் சரி. ஒரு கும்பலிடம் 1,000 கார்டுகள் இருந்தால்? ஒரு கார்டில் தோற்பதற்கான நிகழ்தகவு 0.9997. ஆயிரத்திலும் தோற்க, 0.9997-ஐ ஆயிரம் முறை பெருக்க வேண்டும். விடை சுமார் 0.74. அப்படியென்றால் ஒரு கார்டாவது திறந்துகொள்ள சுமார் 26 சதவீதம் வாய்ப்பு!

தேர்விலும் இதே வழிதான். ‘குறைந்தது ஒன்று’ என்று கேள்வி வந்தால், ‘ஒன்றுகூட இல்லை’ என்பதைக் கண்டுபிடித்து 1-ல் இருந்து கழித்தால் போதும்.

சேர்வு எங்கே வருகிறது?

நான்கும் வெவ்வேறு எண்களாக இருக்க, 10 எண்களில் 4-ஐ எத்தனை விதமாக எடுக்கலாம்? 10 × 9 × 8 × 7-ஐ 4 × 3 × 2 × 1-ஆல் வகுத்தால் 210. இது வரிசை பார்க்காத தேர்வு. ஆனால் பின் நம்பரில் 1357 வேறு, 7531 வேறு. நான்கு எண்களை 24 விதமாக அடுக்கலாம். 210 × 24 = 5,040. மீதமுள்ள 4,960 பின்களில் ஏதாவது ஒரு எண் திரும்ப வரும்.

தேய்ந்த பட்டன் சொல்லும் ரகசியம்

நம்பர் லாக்கில் 4 பட்டன்கள் மட்டும் தேய்ந்திருந்தால், முயற்சிக்க வேண்டியவை 24 தான். 3 பட்டன்கள் தேய்ந்திருந்தால்? குறையும் என்றுதான் தோன்றும். ஆனால் கூடுகிறது! இரண்டு முறை வரும் எண் எது என்பதற்கு 3 வாய்ப்பு. அதன் இரு இடங்களைத் தேர்வு செய்ய 6 வாய்ப்பு. மற்ற இரண்டையும் நிரப்ப 2 வாய்ப்பு. 3 × 6 × 2 = 36.

உண்மையான ஆபத்து எது?

இந்தக் கணக்கெல்லாம் பின் நம்பர் யூகிக்க முடியாததாக இருந்தால்தான் பொருந்தும். 19-ல் தொடங்கும் பிறந்த வருஷத்தை வைத்தால் 10,000 வெறும் 100 ஆகிவிடும். 3 முயற்சியில் வாய்ப்பு 3 சதவீதம். அதே பர்ஸில் பிறந்த தேதியோடு டிரைவிங் லைசென்ஸும் இருந்தால், முதல் முயற்சியிலேயே கதை முடிந்துவிடும்.

கார்டு தொலைந்தால் உடனே வங்கிக்குச் சொல்லி பிளாக் செய்யுங்கள். ஆன்லைன் மோசடியில் பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் க்ரைம் உதவி எண்ணுக்கு தாமதிக்காமல் அழையுங்கள்.